எச்.ஐ.டி. ஹெட்லைட்: எரியாமை, மினுக்கல், கண்கூச்சம் – அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

கடையில் வாங்கி வந்த எச்.ஐ.டி. (இழைக்குப் பதில் மின்வில்லால் ஒளிரும் செனான் விளக்கு) கிட்டை வீட்டு வாசலிலேயே வைத்து மாலைக்குள் காரில் பொருத்திவிடுபவர்கள் பலர். அன்றிரவே ஒரு பக்கம் எரியாமல் போக, மறுநாள் பல்பை மாற்றி வாங்கி வந்து, அதுவும் எரியாமல் திகைத்து நிற்பவர்களும் பலர். என் காரிலும் உறவினர், நண்பர் கார்களிலும் இதுவரை நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை பல்பிலோ, காரின் 12 வோல்ட்டைப் பல்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாலஸ்ட் என்ற பெட்டியிலோ இருக்கவில்லை. பேட்டரியிலிருந்து பாலஸ்ட் வரை மின்சாரம் வந்து சேரும் வழியில்தான் இருந்தன. ஆகவே இங்கே சொல்லப்போகும் எல்லா வழிமுறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

நம் ஊர்ச் சிறிய கார்களில் பரவலாக உள்ள எச்4 வகை ஹெட்லைட்டையும், 12 வோல்ட் பேட்டரியையும், 35 வாட் பாலஸ்டையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே பல்பு உள்ள கார்கள் இவை. மற்ற வகைப் பல்பு உள்ள கார்களுக்கும் மின்பகுதியைப் பற்றிய குறிப்புகள் அப்படியே பொருந்தும்.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிறுவனம் குறிப்பிட்ட வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய விதிகளில், 2,000 லுமெனுக்கு (ஒளி அளவின் அலகு) மேல் ஒளி தரும் பல்பு பொருத்திய டிம் விளக்குக்குத் தானியங்கி உயரச் சீரமைப்பும் கண்ணாடி கழுவும் அமைப்பும் இருந்தாக வேண்டும். 35 வாட் டி2எஸ் செனான் பல்பு ஏறத்தாழ 3,200 லுமென் தருகிறது. எச்4 பல்பின் டிம் இழை தருவது சுமார் 1,000 லுமென்தான். இவ்வளவு பெரிய வேறுபாடு கொண்ட பொருளை வண்டியில் ஏற்றுகிறோம் என்பதை உணர்ந்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

எச்.ஐ.டி. பல்புக்குள் இழை கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகள் சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. செனான் வாயுவின் ஊடே முதல் பொறி பாய்ந்து, அது மின்வில்லாக நிலைத்து, உள்ளிருக்கும் உலோக உப்புகளை ஆவியாக்கிய பிறகே முழு வெளிச்சம் வருகிறது. அந்த முதல் பொறிக்காக இக்னைட்டர் ஏறத்தாழ 23,000 வோல்ட்டைத் தருகிறது. வில் நிலைத்தபின் பல்பின் முனைகளில் இருப்பது சுமார் 85 வோல்ட். 85 வோல்ட்டே ஆளைத் தூக்கி அடிக்கப் போதுமானது. 23,000 வோல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே பாலஸ்டிலிருந்து பல்புக்குச் செல்லும் தடித்த ஒயரின் கப்ளரை, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது ஒருபோதும் பிரிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தை மல்டிமீட்டரால் அளக்கவும் கூடாது; மீட்டர் போவதோடு நில்லாமல் கைக்கும் ஆபத்து வரும். நாம் அளக்க வேண்டியவை அனைத்தும் பாலஸ்டுக்கு முன்னால் உள்ள 12 வோல்ட் பகுதியில்தான் இருக்கின்றன.

கப்ளர்களைப் பிரிப்பதற்கு முன் சுவிட்சை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது; பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தேவையான கருவிகள் சிலவே: ஒரு மல்டிமீட்டர், கழற்றி வைத்த பழைய எச்4 பல்பு, கொஞ்சம் உப்புத்தாள், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், நல்ல இன்சுலேஷன் டேப். பழைய பல்பை எறிந்துவிடாதீர்கள். பிழை தேடும்போது அதைப் போல உண்மை பேசும் கருவி வேறில்லை.

இரண்டு விளக்குகளுமே எரியவில்லை

இரண்டு பல்புகளோ இரண்டு பாலஸ்டுகளோ ஒரே நாளில் பழுதாவது அரிது. இரண்டுக்கும் பொதுவாக உள்ள ஃபியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), ரிலேவை இயக்கும் தூண்டு ஒயர், எர்த் ஆகிய நான்கில்தான் கோளாறு இருக்கும். சுவிட்சைப் போடும்போது ரிலேவின் மேல் விரலை வையுங்கள். 'டக்' என்ற அதிர்வு தெரிந்தால் தூண்டு ஒயர் சரியாக இருக்கிறது; பேட்டரியிலிருந்து 30ஆம் எண் முனைக்கு வரும் ஃபியூஸையும், 87ஆம் எண் முனையிலிருந்து பாலஸ்டுக்குச் செல்லும் ஒயரையும் பாருங்கள். அதிர்வே இல்லையென்றால் 85, 86 முனைகளுக்கு மின்சாரம் வரவில்லை என்று பொருள்.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு நாளை முழுதாக இழக்கிறார்கள். பல ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் ஹெட்லைட் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கத்தை அல்ல, எர்த் பக்கத்தையே இணைக்கிறது. எச்4 கப்ளரின் மூன்று முனைகளில் பொதுவான முனை பாசிட்டிவாக இருக்க, டிம் முனையும் பிரைட் முனையும் சுவிட்ச் வழியாக எர்த்துக்குப் போகின்றன. சந்தையில் கிடைக்கும் ஹார்னஸ்களில் (ரிலேயும் ஃபியூஸும் சேர்ந்த ஒயர்த் தொகுதி) பல, பொதுவான முனை எர்த் என்று கருதிச் செய்யப்பட்டவை. இதைக் கண்டறிவது எளிது. கப்ளரைப் பல்பிலிருந்து பிரித்து, சுவிட்சை டிம்மில் வைத்து, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் மூன்று முனைகளையும் தனித்தனியே தொடுங்கள். டிம்மிலும் பிரைட்டிலும் ஒரே முனையில் 12 வோல்ட் காட்டிக்கொண்டே இருந்தால் உங்கள் கார் எர்த் வழி இயங்கும் கார். அப்படியானால் ரிலேச் சுருளின் ஒரு முனையைப் பாடி எர்த்தில் கொடுக்காமல், கப்ளரின் பொதுவான முனைக்கும் டிம் முனைக்கும் குறுக்கே 85, 86 இரண்டையும் இணைக்க வேண்டும். டயோடு இல்லாத ரிலேச் சுருளுக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு கிடையாது. டயோடு உள்ள ரிலேயாக இருந்தால் அதன் உடலில் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

இத்தகைய சில கார்களில், கிட் பொருத்தியபின் டேஷ்போர்டில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கு எரியாமல் போகலாம். அந்தச் சிறு விளக்குக்கான மின்பாதை பழைய பல்பின் இழை வழியாகப் போய்க்கொண்டிருந்ததும், இப்போது இழையே இல்லாததும்தான் காரணம். பெரிய கோளாறு அல்ல என்றாலும், பிரைட்டில் ஓட்டுகிறோம் என்பதே தெரியாமல் ஓட்டும் நிலையை அது உண்டாக்கும். அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை

இங்கே இடம் மாற்றிப் பார்ப்பதே மிகச் சிறந்த சோதனை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் இடம் மாற்ற வேண்டும். முதலில் இரண்டு பல்புகளையும் இடம் மாற்றுங்கள். எரியாத நிலை பல்போடு கூடவே மறுபக்கம் போனால் பல்பு பழுது. அங்கேயே தங்கிவிட்டால், பல்புகளை விட்டுவிட்டு பாலஸ்டுகளை இடம் மாற்றுங்கள். அப்போதும் அதே பக்கத்தில் தங்கினால், இரண்டு பொருள்களும் நல்லவை. அந்தப் பக்கத்துக்கு வரும் ஒயரிலோ எர்த்திலோ கப்ளரிலோ பிழை இருக்கிறது. பல்பையும் பாலஸ்டையும் ஒன்றாக மாற்றிப் பார்த்து, எரிந்துவிட்டதே என்று மூடிவிடுபவர்களுக்கு எது பழுது என்பது கடைசிவரை தெரியாது. இரண்டையும் விலை கொடுத்து வாங்க நேரும்.

காதையும் பயன்படுத்துங்கள். சுவிட்சைப் போட்டதும் பாலஸ்ட் அருகே 'டிக் டிக் டிக்' என்று மெல்லிய ஒலி கேட்டால், பாலஸ்டுக்கு மின்சாரம் வருகிறது, அது பொறியை உண்டாக்க முயல்கிறது, வில் நிலைக்கவில்லை என்று பொருள். பல்பையும் உயரழுத்த ஒயரையும் பாருங்கள். ஒலியே இல்லையென்றால் 12 வோல்ட் வந்து சேரவில்லை, அல்லது பாலஸ்ட் இறந்துவிட்டது. பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தாலும் ஒலி இருக்காது. பல பாலஸ்டுகளுக்கு அதனால் சேதம் வராது, சரியாகத் திருப்பிச் செருகியதும் எரிந்துவிடும்.

கப்ளரை மேலோட்டமாகப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். டார்ச்சை நேராக உள்ளே அடித்துப் பாருங்கள். பித்தளை முனை பிளாஸ்டிக் கூட்டில் பூட்டிக்கொள்ளாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்திருப்பது உண்டு. கப்ளரைச் செருகும்போது அது இன்னும் பின்னால் தள்ளப்பட்டு, வெளியே எல்லாம் பூட்டியதுபோலவும் உள்ளே தொடர்பே இல்லாமலும் இருக்கும். சிறு ஸ்குரூடிரைவரால் முனையின் பூட்டு நாக்கைச் சற்றே வெளியே நெம்பி, ஒயரைப் பின்னாலிருந்து தள்ளினால் 'கிளிக்' என்று உட்காரும்.

எரிகிறது, சில நொடியில் அணைகிறது. மறுமுறை போட்டால் எரிகிறது

வீட்டில் செய்த பொருத்தங்களில் நான் அதிகம் பார்த்தது இதுதான். பல்பு சரியில்லை என்று கடைக்காரர் சொல்வார். பத்தில் ஒன்பது முறை அது மின்னழுத்த வீழ்ச்சிதான்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் தேடுவது எளிதாகும். குளிர்ந்த பல்பு விரைவில் சூடேறுவதற்காக, 35 வாட் பாலஸ்ட் முதல் சில நொடிகளுக்கு 70 வாட் அளவுக்கும் மின்சாரத்தைப் பல்புக்குத் தள்ளுகிறது. அப்போது ஒவ்வொரு பாலஸ்டும் 7, 8 ஆம்பியர் வரை இழுக்கும். நிலைத்தபின் அது 3 முதல் 3.5 ஆம்பியருக்கு இறங்கிவிடும். 55 வாட் எச்4 பல்புக்காகப் போடப்பட்ட மெல்லிய ஒயர் இந்தத் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்குவதில்லை. ஒயரிலேயே அழுத்தம் விழுந்துவிடுகிறது. பாலஸ்ட் எப்போதும் ஒரே அளவு வாட்டைத் தர முயலும் கருவி என்பதால், அழுத்தம் குறையக் குறைய இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். அதனால் ஒயரில் வீழ்ச்சி இன்னும் கூடும். கடைசியில் பாலஸ்டின் கீழ் வரம்பான 9 வோல்ட் அருகே வந்ததும் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். மறுமுறை சுவிட்சைப் போடும்போது பல்பு ஏற்கெனவே சூடாக இருப்பதால் குறைவாக இழுத்து எரிந்துவிடுகிறது. 'ரெண்டாவது தடவை போட்டா எரியுது' என்று வண்டிக்காரர் சொன்னால், நான் மீட்டரைத்தான் முதலில் எடுப்பேன்.

சோதனை இப்படி. முதலில் பேட்டரி முனைகளை அளந்துகொள்ளுங்கள்; என்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பாலஸ்டுக்கு வரும் பாசிட்டிவ் ஒயரிலும் வைத்து, விளக்கைப் போடச் சொல்லுங்கள். மீட்டர் காட்டுவதே அந்த வழியில் இழக்கும் அழுத்தம். தொடக்க நொடிகளில்கூட அது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபியூஸ் கூடு, ரிலே முனைகள், ஒயர் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே அளந்துகொண்டே வாருங்கள்; எங்கே எண் திடீரென ஏறுகிறதோ அங்கே பிழை. அதேபோல் பேட்டரியின் நெகட்டிவுக்கும் பாலஸ்டின் எர்த் ஒயருக்கும் இடையேயும் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவைப் பலர் செய்வதே இல்லை. கோளாறோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

என் மைத்துனரின் காரில் பாசிட்டிவ் பக்கத்தில் 0.2 வோல்ட்தான் இழப்பு. எர்த் பக்கத்தில் 2.7 வோல்ட். எர்த் ஒயரின் வளையத்தை ரேடியேட்டர் சட்டத்தில் இருந்த ஒரு போல்ட்டில் இறுக்கியிருந்தார்கள். போல்ட் அசையாமல் இருந்தது. வளையம் பளபளவென்று இருந்தது. கழற்றிப் பார்த்தபோது, வளையத்தின் அடியில் காரின் பெயின்ட் கீறல்கூட இல்லாமல் முழுதாக இருந்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியச் செய்து, பல் உள்ள வாஷரை நடுவே வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதும் 2.7 வோல்ட் 0.1 ஆனது. அதற்கு முன் அவர் இரண்டு பல்பும் ஒரு பாலஸ்டும் மாற்றியிருந்தார்.

கிட்டை நேரடியாகக் காரின் பழைய ஒயரிலேயே செருகியிருப்பவர்கள், ரிலே உள்ள தனி ஹார்னஸைப் பேட்டரியிலிருந்து போட்டுவிட வேண்டும். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். காரின் பழைய 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் ஃபியூஸை அங்கே செருகுவது தீப்பிடிக்கும் வழி. ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை.

தொடர்ந்து மினுக்குகிறது, அல்லது டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை வருகிறது

என்ஜின் அணைந்திருக்கும்போது சீராக எரிந்து, ஓடும்போது மினுக்கினால் ஆல்டர்னேட்டரையும் பேட்டரி முனைகளின் இறுக்கத்தையும் பாருங்கள். எப்போதும் மினுக்கினால், காரின் கட்டுப்பாட்டுக் கணினி ஹெட்லைட்டுக்கு நேரான 12 வோல்ட்டைத் தராமல், வேகமாக வெட்டி வெட்டித் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பகல்நேர விளக்கு உள்ள கார்களிலும், ஐரோப்பியத் தயாரிப்புக் கார்களிலும் இது வழக்கம். இழை பல்புக்கு அது தெரியாது, பாலஸ்டோ ஒவ்வொரு வெட்டையும் அணைப்பாக எடுத்துக்கொள்ளும். ரிலே ஹார்னஸ் போட்டும் ரிலே படபடவென்று அடித்துக்கொண்டால், தூண்டு ஒயரில் கப்பாசிட்டர் கொண்ட இடையிணைப்பைச் சேர்க்க வேண்டும்.

பல்பு போய்விட்டது என்ற எச்சரிக்கைக்கு ரெசிஸ்டர் விற்கிறார்கள். 6 ஓம் ரெசிஸ்டர், 14 வோல்ட்டில் ஏறத்தாழ 33 வாட்டை வெறும் வெப்பமாக வெளியிடும். தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுடும். அதை பிளாஸ்டிக்கின் மீதோ ஒயர் கட்டின் மீதோ டேப் சுற்றிக் கட்டிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். உலோகச் சட்டத்தில் திருகாணியால் பொருத்த இடமில்லையென்றால் அதைப் போடவே வேண்டாம்.

பிரைட் அடித்தால் இருட்டாகிறது, அல்லது மாற்றமே இல்லை

எச்4 காரில் பிரைட்டுக்குத் தள்ளியதும் டிம் முனைக்கான மின்சாரம் நின்றுவிடும். ஹார்னஸ் இதற்கு ஏற்றதாக இல்லாவிட்டால் பாலஸ்ட் அணைந்து, மீண்டும் முதலிலிருந்து பொறி உண்டாக்கத் தொடங்கும். அந்த ஓரிரு நொடிகள் சாலை முழு இருட்டு. டிம், பிரைட் இரண்டிலும் பாலஸ்டுக்கு மின்சாரம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். பிரைட்டுக்கான மின்சாரம், தடுப்புத் தகட்டையோ பல்பையோ நகர்த்தும் சோலனாய்டுக்கு மட்டும் போக வேண்டும். அப்படிச் செய்யப்பட்ட இருநிலை ஹார்னஸைத்தான் வாங்க வேண்டும். மாற்றமே தெரியவில்லையென்றால் சோலனாய்டின் சிறு இரட்டை ஒயர்க் கப்ளர் செருகப்படவில்லை. பிரைட்டுக்குத் தள்ளும்போது 'தட்' என்ற ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். பிரைட்டுக்குத் தனிப் பல்பு உள்ள கார்களில் அந்த இடத்தில் எச்.ஐ.டி. போடவே கூடாது, முந்தும்போது கண்சிமிட்டும் நேரம் பளிச்சிட வேண்டிய விளக்குக்கு, சூடேற நேரம் எடுக்கும் பல்பு பொருந்தாது.

ரேடியோவில் இரைச்சல், மழையில் அணைதல்

விளக்கைப் போட்டதும் ரேடியோ இரைந்தால், பாலஸ்டை ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் உலோக உடல் காரின் சட்டத்தோடு நன்றாகத் தொடட்டும். உயரழுத்த ஒயரைச் சுருட்டிக் கட்டாமல் குறுக்கி, 12 வோல்ட் ஒயர்களோடு ஒன்றாகச் சேர்க்காமல் தனியே கொண்டு செல்லுங்கள்.

மழையில் மட்டும் வரும் கோளாறை இரவில், பானட்டைத் திறந்து, சுற்றிலும் விளக்கை அணைத்துவிட்டுத் தேட வேண்டும். ஒருமுறை ஐப்பசி மழையில் நனைந்து வந்த காரில் 'டிக் டிக்' ஒலி நிற்காமல் கேட்டது, பல்பு எரியவில்லை. இருட்டில் குனிந்து பார்த்தபோது, உயரழுத்த ஒயர் ரேடியேட்டர் சட்டத்தின் விளிம்பில் உரசும் இடத்தில், ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஊசிமுனை அளவு நீலப் பொறி ஒன்று சட்டத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது. பகலில் அந்த இடத்தில் தெரிந்தது ஒரு கறுப்புப் புள்ளி மட்டுமே. அதை டேப் சுற்றிச் சரிசெய்ய முடியாது. 23,000 வோல்ட் டேப்பைத் துளைத்துவிடும். அந்தப் பகுதியை முழுதாக மாற்றி, விளிம்பிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். பாலஸ்டைப் பொருத்தும்போதே ஒயர் வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். இருபக்க டேப் என்ஜின் சூட்டில் கழன்றுவிடும். தகடு வைத்துத் திருகுங்கள்.

ஹெட்லைட்டுக்குள் நீர்த்துளி கோத்திருந்தால், ஒயரை உள்ளே விடப் பின்மூடியில் போட்ட துளையில் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. குளிர்ந்த காலையில் படியும் மெல்லிய பனி, விளக்கு எரிந்து சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. துளியாக உருண்டு அடியில் தேங்கினால், பல்பைக் கழற்றி உலர்த்தி, வளையத்தை மாற்றுங்கள். காற்று போய்வர நிறுவனம் வைத்த சிறு குழாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

நிற வேறுபாடு

சுவிட்சைப் போட்டதும் நீலமாகத் தொடங்கி, அரை நிமிடத்துக்குள் வெண்மையாவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ நிலைத்துவிட்டால் அந்தப் பல்பின் ஆயுள் முடிகிறது. வயது கூடக்கூட நிறம் நீலத்தை நோக்கி நகரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நிறுவனங்கள் பொருத்தும் பல்புகள் 4,300 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் இருப்பதற்குக் காரணம், சாலையில் அதிக வெளிச்சம் அங்கேதான் கிடைக்கிறது என்பதே. 8,000 கெல்வின் பல்பு அழகாகத் தெரியலாம். நனைந்த தார்ச்சாலையில் பள்ளம் தெரியாது.

எதிரே வருபவர் விடாமல் பிரைட் அடித்துக் காட்டுகிறார்

உங்கள் விளக்கு டிம்மில் இருக்கும்போதே இது நடந்தால், இதுவரை சொன்ன எல்லாக் கோளாறுகளையும்விட இதையே முதலில் சரிசெய்ய வேண்டும். மற்றவை உங்களுக்கு இடைஞ்சல். இது இருவழிச் சாலையில் எதிரே குழந்தையை முன்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டி வருபவரின் கண்ணை மறைப்பது.

எச்4 பல்பின் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தடுத்து, ரிஃப்ளெக்டரின் மேற்பாதியை மட்டும் பயன்படுத்துவதால்தான் சாலையில் ஒளி ஒரு கோட்டோடு வெட்டி நிற்கிறது. அந்த ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் இழை இருக்கும் சரியான இடத்தைக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. மின்வில்லோ இழையைப் போல நேரானது அல்ல. மேல்நோக்கி வளைந்தது, முனைகளின் அருகே மிகப் பிரகாசமானது. அதை அந்த இடத்தில் வைத்தால் ஒளி கோட்டுக்கு மேலேயும் சிதறும். ஹெட்லைட்டைக் கீழ்நோக்கித் திருகினால் சிதறலும் கூடவே இறங்குமே தவிர மறையாது. உங்களுக்கோ தூரப் பார்வை போய்விடும். ஆகவே ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எச்.ஐ.டி. பல்பு இருக்கும்வரை இந்த அறிகுறிக்குத் தீர்வு கிடையாது என்பதே என் உறுதியான கருத்து. கிட்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது வெட்டுக்கோடு உள்ள இருநிலை புரொஜெக்டரை (ஒளியை லென்ஸ் வழியே குவித்துத் தரும் அமைப்பு) உள்ளே பொருத்துங்கள்.

கழற்றுபவர்கள் போட்ட ரிலே ஹார்னஸைக் கழற்ற வேண்டாம். நல்ல எச்4 பல்பை அதிலேயே மாட்டுங்கள். இழை பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. ரிலே ஹார்னஸ் அந்த இழப்பைத் திருப்பித் தரும், எச்.ஐ.டி. வாங்கத் தூண்டிய மங்கல் பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

புரொஜெக்டர் வைத்திருந்தும் புகார் வந்தால் சுவரில் பாருங்கள். டயர்க் காற்றைச் சரிசெய்து, சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டரில் காரை நிறுத்தி, தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள். டிம் விளக்கின் வெட்டுக்கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். வாசலில் 5 மீட்டர்தான் இடம் என்றால் 5 சென்டிமீட்டர். உங்கள் ஹெட்லைட்டின் அருகே வேறு சதவீதம் அச்சிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கோடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் புரொஜெக்டர் திரும்பியிருக்கிறது, அல்லது எச்4 வளையத்தின் மூன்று காதுகளில் ஒன்று பள்ளத்தில் உட்காரவில்லை.

அடுத்து, வெட்டுக்கோட்டில் உள்ள படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் அது இடப்பக்கம், அதாவது சாலை ஓரத்தை நோக்கி ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால் அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த புரொஜெக்டர். படியின் உயர்ந்த பகுதி நேராக எதிரே வருபவரின் முகத்தில் விழும். சந்தையில் இவை கலந்தே கிடைக்கின்றன. சில மாதிரிகளில் தடுப்புத் தகட்டை மட்டும் மாற்றலாம். முடியாவிட்டால் புரொஜெக்டரையே மாற்ற வேண்டும், கீழே திருகி ஒப்பேற்றக் கூடாது.

அளவு சரியானபின், பின் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து, டிக்கியில் ஊருக்குப் போகும்போது வைக்கும் சுமையையும் ஏற்றி, அதே சுவரில் மறுபடியும் பாருங்கள். பின்பக்கம் தாழ்வதால் கோடு மேலே ஏறியிருக்கும். டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சக்கரம் இருந்தால், எந்த எண்ணில் கோடு பழைய இடத்துக்கு இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமையோடு இரவில் கிளம்பும்போதெல்லாம் அந்த எண்ணில் வையுங்கள். சக்கரம் இல்லாத காரில், சுமை ஏற்றிய நிலையிலும் கோடு டேப்பைத் தாண்டாத அளவுக்கு விளக்கைத் திருகி நிறுத்துங்கள்.